ஜதி நடுவில் கீழே வைத்த கழி

நான் கட்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் எனக்குத் தெரியாதே என்று சொல்லக் கூடாது.

திருவொற்றியூரில் உப்பு மூட்டை அடுக்கியிருந்த ஓட்டைக் கிடங்கை நாட்டியப் பள்ளியாக்கியவன் நான். அதன் தகரக் கூரை மேல் ஏறி ஓட்டை அடைத்தவன் நான், அதுவும் ஒரு கால் குட்டையான பிறகு. வின்ச் ஓட்டியவன் மகளும், மீன் கூடை சுமந்தவள் மகளும், ரயில்வே யார்டில் கரி அள்ளியவன் மகளும் அரைமண்டியில் உட்கார்ந்து அடவு போடுவதை அந்தப் பக்கம் முதலில் பார்க்க வைத்தவன் நான். 'ராயபுரத்துக்கு வடக்கே பரதநாட்டியமா? அங்கே மீன்தானே ஆடும்' என்று டவுனில் ஒருவர் என் முகத்துக்கு நேரே சிரித்தார். என்னிடம் கற்ற பெண்கள் அவர் பேத்தி படித்த பள்ளிக்கூடத்திலேயே டீச்சராகப் போனார்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. இதை நானே எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அச்சுக்காரர் திருத்திக்கொள்ளட்டும், விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

புதிதாக டீச்சர் வேலைக்கு வரும் நீங்கள், இந்தத் தொழிலில் எப்படி முன்னுக்கு வருவது, எதைத் திட்டமிடுவது என்று எழுதித் தரச் சொன்னீர்கள். சர்டிபிகேட் எங்கே வாங்குவது, எந்தப் பரீட்சை எழுதுவது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். எனக்குத் தெரிந்தது வேறு. நாட்டிய டீச்சருக்குக் கால்தான் முதல். அந்த முதல் கரைந்துகொண்டே இருக்கும். கரைவதைப் பார்க்கத் தெரிந்தவன் பிழைப்பான். இதைத்தான் சொல்லப் போகிறேன், பிலோமினா கதையை வைத்து. அவள் கதையை அவளும் சொல்லியிருக்கிறாள். பாதியைத்தான் சொன்னாள்.

அதற்கு முன் என் கால்.

நாடகக் கம்பெனி கலைந்து, தண்டையார்பேட்டையில் ஒண்டிக்கொண்டிருந்த ஒரு வாத்தியாரிடம் நான் ஆட்டம் கற்றேன். பகலில் துறைமுகத்தில் மூட்டை, சாயங்காலம் அவர் வீட்டு முற்றத்தில் அடவு. அவர் கையில் தட்டுக்கழி. அந்தச் சின்ன மரக்கழியால் பலகையைத் தட்டி, வாயால் ஜதி சொல்லி ஆட வைப்பார். முன்னெலும்பு வலிக்கிறது என்று நான் சொன்னபோது, "கால் பழுக்குது. பழுக்கட்டும்" என்றார். அந்தக் காலத்தில் எல்லா வாத்தியாரும் அப்படித்தான் சொன்னார்கள். வலி வந்தால் கால் ஆட்டத்துக்குத் தயாராகிறது என்று அர்த்தம். சலங்கைக்கு அடியில் ஈரத்துணியை இறுக்கிக் கட்டிக்கொள். மரத்துப் போகும். ஆடு.

ஒரு தொழிற்சங்கக் கூட்டத்துக்கு மேடை போட்டிருந்தார்கள். மேடை என்றால் இரண்டு லாரிகளைப் பின்னோடு பின் நிறுத்தி, கதவை இறக்கி, மேலே ஜமக்காளம். ஜமக்காளத்துக்கு அடியில் இரும்புத் தகடு. தீர்மானம் ஆடிக்கொண்டிருந்தேன். ஆட்டத்தின் ஒரு பகுதியை முடித்துக் கட்டும் வேகமான அடவுக் கோவைக்குத்தான் தீர்மானம் என்று பெயர். நடுவில் என் வலது கால் எலும்பு போனது. பச்சை மூங்கிலை முறிக்கிற சத்தம். வாத்தியார் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கழி நிற்கவில்லை. தீர்மானம் முடியாமல் கழியைக் கீழே வைப்பது எங்கள் தொழிலில் கிடையாது. சாவுச் செய்தி வந்தால் மட்டும்தான் வைப்பார்கள். நடுவில் வைத்தால் பிணம் விழும் என்று அவருடைய வாத்தியார் அவருக்குச் சொல்லியிருந்தார். நான் ஒற்றைக் காலில் முடித்தேன். கூட்டம் விசில் அடித்தது. எலும்பு கோணலாகச் சேர்ந்து கால் குட்டையானது.

ஆறு மாதம் கழித்து அவர் வந்து தன் கழியை என் மடியில் வைத்துவிட்டு, "இனிமே உனக்கு இதான் காலு" என்றார். அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. கழி பிடிப்பவனுக்கு ஆடுகிறவன் காலைப் பற்றி ஒரு பொறுப்பு உண்டு என்பதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. உங்களுக்கு நான் சொல்லித் தருகிறேன்.

அதன் பிறகுதான் தரையைப் பற்றி யோசித்தேன். கப்பலில் சரக்கு ஈரமாகாமல், நகராமல் இருக்க அடியில் பலகை போட்டு அனுப்புவார்கள். சரக்கு இறங்கியதும் அந்தப் பலகை விறகுக்குப் போகும். நான் விறகுக்காரனிடமிருந்து பொறுக்கி எடுத்தேன். இழுவைப் படகில் தேய்ந்து போன தடித்த வடக்கயிறும் கேட்டு வாங்கினேன். கிடங்கின் சிமெண்டுத் தரையில் கயிற்றை வரிசையாகக் கிடத்தி, அதன் மேல் பலகையைப் பரப்பி ஆணி அடித்தேன். மிதித்தால் பலகை கொஞ்சம் இறங்கி, காலைத் திருப்பித் தூக்கிக் கொடுக்கும். மதராஸ் முழுக்கச் சிமெண்டிலும் கல்லிலும் பெண்கள் எலும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது என் பெண்கள் கயிற்றுக்கு மேல் ஆடினார்கள். இது என் மூளையில் வந்தது. யாரையும் பார்த்துச் செய்ததில்லை.

இப்போது பிலோமினா.

ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவள் வீடு. தாய் இல்லை. தகப்பன் அந்தோணி துறைமுகத்தில் வின்ச் ஓட்டினார். கப்பலின் வயிற்றிலிருந்து மூட்டைகளைக் கயிற்றில் கட்டித் தூக்கி இறக்கும் யந்திரம் அது. கீழே நிற்கும் சிக்னல்காரன் கையைப் பார்த்துத்தான் வின்ச்காரன் ஏற்றி இறக்க வேண்டும். பிலோ சின்னப் பெண்ணாக இருக்கும்போதே என்னிடம் வந்தாள். இருபது வயதில் எனக்கு அடுத்தபடி அவள்தான். கான்வென்ட் பள்ளியில் தற்காலிகமாகச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அங்கே நிரந்தர வேலை ஒன்று காலியாக இருந்தது. அரசாங்கப் பரீட்சையில் தேறினால் அவளுக்குத்தான் என்று தலைமை மதர் சொல்லியிருந்தார்.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது அந்தோணி கிடங்குக்கு வந்தார். பெண்கள் போன பிறகு என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"இன்னா மாஸ்டரே, பொண்ணு தேறிடுவாளா?"

"இன்னா கேள்வி கேக்கறே அந்தோணி? நான் கழி போட்ட பொண்ணு தேறாம வேற எவ தேறுவா?"

அவர் சிரிக்கவில்லை. பீடியைக் கையில் வைத்துக்கொண்டு பற்ற வைக்காமல் நின்றார்.

"கண்ணு சரியா இல்ல மாஸ்டரே. சிக்னல்காரன் ஒரு கைய தூக்கினா ரெண்டா தெரியுது. எந்தக் கைய நம்பறதுன்னு புரியல. மேஸ்திரிக்கு இன்னும் தெரியாது."

"எறங்கிடு நைனா. கீழ ஆளு நிக்கிறான்."

"எறங்கினா அப்பால வூட்ல இன்னாத்த துன்றது? இவளுக்கு அந்த வேலை கெடைக்கட்டும். அன்னிக்கே எறங்கிடறேன். மாதா மேல ஆணை."

இப்போது உங்களுக்கும் தெரியும், அன்று எனக்கும் தெரியும். அந்த வேலை ஒரு பெண்ணின் வேலை மட்டுமல்ல. கப்பலுக்குள் நிற்கிறவன் தலையும் அதில்தான் தொங்கியது.

அந்த வாரத்திலேயே அவள் கால் சத்தம் மாறியது. இதைக் கவனமாகக் கேளுங்கள். நல்ல கால் தரையில் விழுந்தால் ஒரே சத்தம். உள்ளங்கால் முழுக்க ஒன்றாக விழும். எலும்பில் விரிசல் விட்ட கால் தன்னை அறியாமல் பயப்படும். குதிகால் முந்தும், முன்பாதம் பிந்தும். சத்தம் இரண்டாகப் பிரியும். கண்ணுக்குத் தெரியாது, சலங்கைச் சத்தத்தில் மறைந்தும் போகும். என் காலில் அதைக் கேட்டவன் நான். அதனால் எனக்குக் கேட்டது.

"பிலோ, சலங்கைய கழட்டு."

"எதுக்கு மாஸ்டர்? இன்னும் பாதி கீதே."

"கழட்டுமே."

அடியில் ஈரத்துணி இறுக்கிக் கட்டியிருந்தாள். நான் சொல்லித் தராத வித்தையை எங்கிருந்தோ கற்றிருந்தாள். துணியை அவிழ்த்து, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். ஓர் இடத்தில் அவள் வாய் திறக்கவில்லை, கால்விரல்கள் ஐந்தும் உள்ளே சுருண்டன.

"எத்தினி நாளா?"

"இன்னா ஒரு மாசம் இருக்கும். காலைல கான்வென்ட்ல கல்லு வராண்டால பசங்களுக்கு. அப்பால வூட்டு வாசல்ல சிமெண்ட்ல பிராக்டிஸ். உங்க பலகைய முதுவுல கட்டிகினா போறது மாஸ்டர்?"

என் பலகையில் மட்டும் ஆடியிருந்தால் அது வந்திருக்காது. ஆனால் டீச்சராகப் போகிறவள் எங்கே போட்டாலும் ஆடத்தான் வேண்டும். வேலைக்குப் போகும்போது சம்பளத்தை அப்புறம் கேளுங்கள். முதலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையை மிதித்துப் பாருங்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். படம் எடுத்தார்கள். டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பில் மயிர் மாதிரி ஒரு கோடு.

"மாவுக்கட்டு போட்டு உட்காரணும். இதோட குதிச்சா ரெண்டா போயிடும்" என்றார்.

"பரீட்ச முடிஞ்சதும் வந்து போட்டுக்கறேன் டாக்டர்" என்று பிலோ எழுந்துவிட்டாள்.

நான் மதரைப் போய்ப் பார்த்தேன். அடுத்த பரீட்சை வரைக்கும் வேலையை வைத்திருங்கள் என்று கேட்டேன். நல்ல அம்மாள். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மாஸ்டர், கர்த்தர் காத்திருப்பார். இன்ஸ்பெக்டர் காத்திருக்க மாட்டார். ஏற்கெனவே பரீட்சை தேறிய பேப்பர் வைத்திருக்கிற ரெண்டு பெண்கள் வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்."

அன்று சாயங்காலம் அந்தோணி வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் வேண்டாம் என்றேன். அந்தோணி என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார். பாவம், எந்தச் சுவரைப் பார்த்தாரோ.

"நீ ஒடஞ்ச காலோட ஆடலியா மாஸ்டரே? ஒத்தக் கால்ல முடிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீறே."

"முடிச்சேன். அப்பால ஆடினேனா? கேளு."

"அவ ஆட வேணாம். பேப்பர் வந்தா போதும். ஒக்காந்துகினு சொல்லித் தரட்டும், உன்ன மாதிரி."

பிலோ இரண்டு பேரையும் அதட்டினாள். "என் காலு. என் காலப் பத்தி நீங்க ரெண்டு பேரும் பேஜார் பண்ணிகினு கீறீங்க. நான் போறேன். கழி போட நீங்க வர்றீங்களா மாஸ்டர், இல்ல வேற ஆள பாக்கட்டா?"

அங்கேதான் நான் முடிவெடுத்தேன். போவதில்லை என்று நான் வீட்டில் உட்கார்ந்திருந்தால் என் கை சுத்தமாக இருந்திருக்கும். ஆனால் வேறு ஒருவன் கழி பிடிப்பான். அவனுக்கு அந்தச் சத்தம் தெரியாது. "வர்றேன். ஆனா நான் நிறுத்துன்னா நிறுத்தணும்" என்றேன். "சரி மாஸ்டர்" என்றாள். அந்தச் சரியில் ஒன்றும் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். பரீட்சை நாள் வரைக்கும் அவளை ஓர் அடவு போட விடவில்லை. உட்கார்ந்தபடி வாயால் ஜதி சொல்லிக் கையால் தாளம் போட வைத்தேன்.

பரீட்சை டவுனில் ஒரு பள்ளி மண்டபத்தில். உள்ளே போனதும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையை மிதித்துப் பார்த்தேன். மொசைக் தரை. வழவழவென்று, கீழே கல்லு மாதிரி. ஓரத்துப் பெஞ்சில் மற்ற பெண்களும் அவர்கள் வாத்தியார்களும். மேஜைக்குப் பின்னால் இரண்டு தேர்வாளர்கள், கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், பட்டுப்புடவையில் ஓர் அம்மையார்.

"எங்கேர்ந்து வரீங்க?" என்றார் அம்மையார்.

"திருவொற்றியூருங்க."

"அங்கே யார் கத்துக்கொடுக்கறா?"

"நான்தாங்க."

என் காலைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், ஆரம்பிக்கலாம் என்று கையைக் காட்டினார்.

முதல் உருப்படியான அலாரிப்பு ஆடினாள். அதற்குப் பெரிய மிதி இல்லை. நன்றாகவே போனது. பெரியவர் தலையை ஆட்டினார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்புறம் அவர், "வர்ணத்தில் முதல் தீர்மானம், மூணு காலத்திலும்" என்றார். ஒரே கோவையை முதலில் மெதுவாக, பிறகு இரட்டிப்பு வேகத்தில், பிறகு அதற்கும் இரட்டிப்பில் மிதித்துக் காட்ட வேண்டும்.

முதல் காலம். ஒரே சத்தம்.

இரண்டாம் காலம். வலது கால் பிரிந்தது. குதிகால் முந்தி, முன்பாதம் பிந்தி. அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அவ்வளவு கெட்டிக்காரி. மூக்கின் மேல் மட்டும் வேர்வை முத்து முத்தாக. என் கை தட்டிக்கொண்டிருந்தது, வாய் ஜதி சொல்லிக்கொண்டிருந்தது, காது மட்டும் அவள் வலது காலில் இருந்தது. மூன்றாம் காலத்துக்கு இன்னும் இரண்டு ஆவர்த்தனம், தாளத்தில் இரண்டே சுற்று. அந்தோணி கண்ணை நினைத்தேன். கப்பலுக்குள் அண்ணாந்து பார்த்து நிற்கிற எவனோ ஒருவனை நினைத்தேன். லாரி மேல் என்னைப் பார்த்த என் வாத்தியார் முகத்தை நினைத்தேன். அவர் கழி நிற்காத அந்த இடத்தில் இப்போது நான் உட்கார்ந்திருந்தேன்.

கழியைக் கீழே வைத்தேன்.

மண்டபத்தில் சலங்கை மட்டும் கேட்டது. பிறகு அதுவும் தடுமாறியது. பெஞ்சில் இருந்த வாத்தியார்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டார். குரல் தணிந்திருந்தது. அவரும் பழைய மனிதர். கழி நடுவில் நின்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும்.

"இன்னும் இல்லீங்க. இந்தப் பொண்ணு காலு போய்க்கினு கீது."

"போடுங்க மாஸ்டர்" என்றாள் பிலோ. அரைமண்டியை விட்டு எழவில்லை. கையை விரித்தபடி அப்படியே நின்றாள். "போடுங்க. இன்னும் கொஞ்சம்தான். போடு மாஸ்டர்!"

நான் கழியைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

அம்மையார் எரிச்சலாகச் சொன்னார்: "பாதியில் விட்டால் மார்க் கிடையாது. வேற யாராவது நட்டுவாங்கம் பண்ணி முடிக்கறதானா முடிக்கட்டும்."

பெஞ்சிலிருந்து ஒரு மாஸ்டர் முன்னால் வந்தார். நல்ல எண்ணத்தோடுதான் வந்தார். "நான் போடறேம்மா. எந்த ஜதின்னு சொல்லு" என்று தன் கழியை எடுத்தார். பிலோ அவர் பக்கம் திரும்பிவிட்டாள்.

இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? விலகிக்கொள்ளலாம். நான் நிறுத்தினேன், அதற்குப் பிறகு நடந்தது என் பொறுப்பல்ல என்று சொல்லிக்கொள்ளலாம். முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் செய்வார்கள். நான் நொண்டிக்கொண்டு மொசைக் தரையைக் கடந்து போய், அவள் முன்னால் உட்கார்ந்து, அவள் வலது காலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன். மாணவி காலை வாத்தியார் பிடிப்பது எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. தெரிந்துதான் பிடித்தேன்.

"உடு மாஸ்டர்!" அவள் என் தலையில் குத்தினாள். "என் நைனா கண்ணு உனக்குத் தெரியாதா? தெரிஞ்சிகினே செய்யறியே! உடு!"

"இன்னா அசிங்கம் இது" என்று யாரோ சொன்னார்கள்.

சலங்கை முடிச்சு வேர்வையில் இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். ஈரத்துணியை எடுத்ததும் அடியில் எலும்பு மேல் கோலிக்குண்டு மாதிரி வீங்கிச் சிவந்திருந்தது. அம்மையார் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரியவர் மேஜை மேல் இருந்ததை அடுக்கிக்கொண்டே, "அடுத்த பெண்ணைக் கூப்பிடுங்க" என்றார்.

அன்றே மாவுக்கட்டு போட்டார்கள். கட்டுப் பிரித்தபோது கால் கால் மாதிரியே இருந்தது. அதுதான் எனக்கு வந்த கேடு. முறிந்திருந்தால் மாஸ்டர் தடுத்தார், அவள் கேட்கவில்லை என்று ஊர் சொல்லியிருக்கும். முறியவில்லை. அதனால் ஒன்றுமே இல்லாததற்கு ஒரு பெண் பிழைப்பைக் கெடுத்தான் என்றார்கள். உடையாத காலுக்கு யார் நன்றி சொல்வார்கள்? அதோடு, காலைப் பிடித்த மாஸ்டர் என்று பெயர். கடைத்தெருவில் சிரித்தார்கள். தாய்மார் பெண்களை நிறுத்திக்கொண்டார்கள். என் பலகை மேல் எலி ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன்.

கான்வென்ட் வேலை வேறு பெண்ணுக்குப் போனது. அந்தோணி வின்ச்சை விட்டு இறங்கவில்லை. நான் போய்க் கெஞ்சினேன், கதவைத் திறக்கவில்லை. மழைக்காலத்தில் ஒரு நாள் மூட்டைக்கட்டு இறங்கக் கூடாத இடத்தில் இறங்கியது. கீழே நின்றவன் உயிர் தப்பினான், வலது கை போனது. அன்றோடு அந்தோணியை இறக்கிவிட்டார்கள். அதன் பிறகு அவர் மாதா கோயில் மதில் ஓரம் உட்கார்ந்திருப்பார். யார் போனாலும், "யாரு? எந்தக் கை? எந்தக் கை?" என்று கேட்பார். தவக்காலம் முடியும் முன்பே போய்விட்டார். பிலோ காத்திவாக்கத்தில் இறால் உரிக்கிற கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அடக்கத்துக்குப் பிறகு நான் அங்கே போனேன். பெண்கள் வரிசையாகக் குந்தி உரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தலை நிமிரவில்லை.

"இன்னாத்துக்கு வந்தே? கால பாக்கவா? பாரு, கீது."

நான் அவள் எதிரே உட்கார்ந்தேன்.

"காலு கீது மாஸ்டர். நைனா எங்க?"

எழுந்து திரும்பி நடந்தேன். ஆனால் அந்தக் கையை இழந்தவனையும் அந்தோணியையும் நினைத்து, அன்று கழியை நிறுத்தாமல் இருந்திருக்கலாமோ என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. நிறுத்தாமல் இருந்தால் அந்தோணி தப்பித்திருப்பார் என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மூன்றாம் காலத்தில் அவள் அங்கேயே விழுந்திருப்பாள். மார்க்கும் கிடைத்திருக்காது, காலும் இருந்திருக்காது. அந்தச் சத்தத்தைக் கேட்டவன் நான். கேட்காதவர்கள் பேசக் கூடாது.

பிறகு அவள் அன்று கழியோடு முன்னால் வந்த அந்த மாஸ்டரிடம் போய்ச் சேர்ந்தாள். அடுத்த பரீட்சையில் தேறினாள். வேறொரு பள்ளியில் வேலை கிடைத்தது. அங்கிருந்து அவள் உயர்ந்தது உங்களுக்கே தெரியும். உங்களில் பாதிப் பேருக்கு டீச்சர் அவள்தான்.

நானும் செத்துப் போகவில்லை. ஒரு வருஷம் கழித்து மீன்காரிகள் மகள்கள் நான்கு பேரோடு மறுபடியும் ஆரம்பித்தேன். அன்றிலிருந்து ஒரு சட்டம் வைத்தேன். கழி பிடிக்கத் தெரியாத பெண் என் பள்ளியில் வர்ணம் ஆடக் கூடாது. முதலில் உட்கார்ந்து சொல்லித் தரக் கற்றுக்கொள், பிறகு நின்று ஆடு. காலுக்கு ஒன்று நேர்ந்தால் பிழைப்பு போகாது. பிலோவை நான் பத்து வயதிலேயே கழி பிடிக்க வைத்திருந்ததால்தான், மாவுக்கட்டிலும் பிறகு இறால் கொட்டகையிலும் இருந்த நாட்களில் அவள் கைத்தாளம் மறக்கவில்லை. அதுவும் நான் செய்தது.

போன வருஷம் அவள் ஓய்வு பெற்றதற்கு விழா எடுத்தீர்கள். எனக்கு அழைப்பு வரவில்லை. நானே போனேன், கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். விழா மலர் அச்சிட்டுக் கொடுத்தீர்கள். அதில் அவள் குரு என்று அந்த இன்னொரு மாஸ்டர் பெயர் மட்டும். 'இளமையில் ஏற்பட்ட ஒரு தடையால் ஓராண்டு வீணானது' என்று ஒரு வரி. அவள் பள்ளியின் கயிற்றுப் பலகைத் தளம் அவளுடைய சொந்த யோசனை என்று இன்னொரு வரி.

கடைசியில் எல்லாரும் கேட்டுக்கொண்டதால் அவளே எழுந்து ஒரு தீர்மானம் ஆடினாள். அந்த வயதில், மூன்று காலத்திலும். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாம் காலத்தில் அவள் வலது கால் தரையில் விழுந்தது.

ஒரே சத்தம்.

அதனால் கேட்கிறேன். கெஞ்சவில்லை, கேட்கிறேன். அடுத்த பதிப்பில் திருத்துங்கள். பலகைக்கு அடியில் கயிற்றைப் போட்டவன் பெயரைப் போடுங்கள். அவள் கையில் முதலில் கழியைக் கொடுத்தவன் பெயரைப் போடுங்கள். அந்தோணியை என் தலையில் எழுதுகிறவர்கள் எழுதட்டும், நான் ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் அந்தக் காலையும் என் பெயரில்தான் எழுத வேண்டும். 'இளமையில் ஏற்பட்ட ஒரு தடை' என்று எழுதாதீர்கள். அந்தத் தடைக்கு ஒரு பெயர் உண்டு. ஜதி நடுவில் கழியைக் கீழே வைத்தவன் என்று எழுதி, பக்கத்தில் அந்தப் பெயரைப் போடுங்கள்.